மூன்று சொற்களும் ஒரு நான்காம் சொல்லும்



பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் என்றால் வரலாற்று ஆசிரியர் எவருடைய கையும் முதலில் சுண்ணக்கட்டியைத்தான் நாடும். கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதிவிட்டு, அதன் பிறகே அவர் வாய் திறப்பார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பன அச்சொற்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நானும் அவ்வாறே எழுதினேன். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்றைவிட்டு ஒன்று பிரியா என்று சொல்லியும் வந்தேன். பிள்ளைகள் அதையே தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றனர். ஓய்வு பெற்ற பின், தேர்வை மறந்து எனக்காகவே அப்பகுதியை மீண்டும் படித்தபோதுதான், நான் கற்பித்தது பாதிப் பாடம் என்பது புலனாயிற்று. முதல் இரண்டு சொற்களும் அப்புரட்சியில் ஒன்றோடொன்று மோதிய நாட்களே மிகுதி. மோதும்போது நடுநின்று தீர்க்க வேண்டிய நான்காம் சொல் ஒன்று உண்டு. அதை நான் பலகையில் ஒரு நாளும் எழுதியதில்லை. அச்சொல் நீதி.

முதலில் ஒரு சிறு திருத்தம். அம்மூன்று சொற்களும் புரட்சியின் முதல் நாளிலேயே அரச முத்திரையாகிவிட்டன என்று பலர் எண்ணுகின்றனர். அவை பிரான்சின் முறையான முழக்கமானது 1848-ஆம் ஆண்டில்தான். 1789-இல் இருந்தது வேறொன்று. அவ்வாண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் தேசிய சபை நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனமே அது. பதினேழே விதிகள், நம் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பக்கத்துள் அடங்கிவிடும். மனிதர் உரிமையில் சுதந்திரராகவும் சமமாகவும் பிறக்கின்றனர், அவ்வாறே வாழ்கின்றனர் என்பது முதல் விதி. பிறருக்குத் தீங்கு பயவாத எதையும் செய்யலாம் என்பதே சுதந்திரம் என்று நான்காம் விதி வரையறுக்கிறது. சொத்துரிமை புனிதமானது, மீறலாகாதது என்கிறது இறுதி விதி. இவற்றையெல்லாம் நாம் படிக்கிறோம். இடையில் ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று விதிகள் இருக்கின்றன. அவற்றை நானும் விரைந்து தாண்டிச் சென்றவனே. அவற்றிற்குப் பின்னர் வருவேன்.

பிறப்பால் எல்லாரும் சமம் என்று அறிவித்த சபை, வாக்குரிமையை வகுக்கும்போது என்ன செய்தது? அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு சட்டம் வந்தது. அது நாட்டு மக்களைச் செயற்படு குடிமக்கள், செயற்படாக் குடிமக்கள் என இரண்டாகப் பிரித்தது. இருபத்தைந்து வயது நிரம்பிய ஆடவனாக இருத்தல் வேண்டும். வீட்டு ஊழியனாக இருத்தலாகாது. தன் ஊரில் வழங்கும் கூலிக் கணக்கில் மூன்று நாள் கூலிக்குச் சமமான நேர்வரியைச் செலுத்துதல் வேண்டும். இவை அமைந்தவனே செயற்படு குடிமகன். அவனுக்கே வாக்கு உண்டு. அவன் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதும் நேரே உறுப்பினரை அன்று, தேர்வாளர் சிலரைத்தான். தேர்வாளனாவதற்குப் பத்து நாள் கூலியளவு வரி வேண்டும். சட்டசபை உறுப்பினனாவதற்கோ ஒரு வெள்ளி மார்க்கு, அதாவது ஐம்பது லிவருக்கு மேல் வரி கட்டியிருக்க வேண்டும். ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் 43 இலட்சம் பேரே செயற்படு குடிமக்களாகத் தேறினர். இப்பிரிவினையைக் கற்பித்தவர் யார் என்று கேட்டால் வியப்பீர்கள். மூன்றாம் வகுப்பினர் என்போர் யார் என்று கேட்டு, அவர்களே இந்நாடு என்று அதே ஆண்டின் தொடக்கத்தில் எழுதிப் புகழ்பெற்ற சியேஸ் என்னும் மதகுருதான் அவர்.

இப்பகுதியை ஒரு நாள் பத்தாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசிப் பலகையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அடிக்கடி கேள்வி கேட்பவனல்லன்.

“ஐயா, பாஸ்டீல் சிறையை இடித்தது யார்?”

“பாரிஸ் நகரத்து மக்கள்.”

“அவர்கள் எல்லாரும் மூன்று நாள் கூலியை வரியாகக் கட்டியவர்களா, ஐயா?”

“இல்லாமலும் இருக்கலாம்.”

“அப்படியானால், அன்றைக்குச் செயற்பட்டவனுக்குத்தான் பிறகு செயற்படாதவன் என்று பெயர் வைத்தார்களா?”

வகுப்பு சிரித்தது. நானோ, அது தேர்வுக்கு வராத கேள்வி என்று கூறி அவனை உட்காரச் செய்தேன். என் ஆசிரியப் பணியில் நான் மறக்க விரும்பும் விடைகளுள் அதுவும் ஒன்று. அவன் கேட்டது சரியான கேள்வி. பாஸ்டீலைத் தாக்கி வென்றோர் என்று அரசே பின்னர்ப் பட்டியல் தயாரித்தது. அதில் 950-க்குச் சற்று மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவர்களுள் பெரும்பாலோர் தச்சர், பூட்டுச் செய்வோர், செருப்புத் தைப்போர் போன்ற தொழிலாளர். சொந்தப் பட்டறை வைத்திருந்தவர்களுக்கு வாக்குக் கிடைத்திருக்கும். அவர்களிடம் நாட்கூலிக்கு உழைத்தவர்களுக்கு அது எட்டாக்கனிதான். இதை அன்றே எதிர்த்தவர்கள் இருந்தனர். வெள்ளி மார்க்குச் சட்டப்படி பார்த்தால் ரூசோவே உறுப்பினராகியிருக்க முடியாதே என்று காமில் தெமூலான் என்னும் இதழாளர் எள்ளி எழுதினார். ஆராஸ் நகரிலிருந்து வந்திருந்த இளம் வழக்கறிஞர் ஒருவர், பிரகடனத்தின் முதல் விதிக்கே இச்சட்டம் முரணானது என்று சபையில் வாதிட்டார். அவர் பெயர் மாக்சிமிலியன் ரோபஸ்பியர். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் தனியே நின்றால் யாருக்குப் பயன்படுகிறது என்பதற்கு மற்றொரு சான்று 1791-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் நிறைவேறிய சட்டம். அதைக் கொணர்ந்தவரின் பெயரால் லெ ஷாப்பலியே சட்டம் என்பர். அவ்வாண்டு இளவேனிலில் பாரிஸ் நகரத்துத் தச்சுத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு ஒன்றுகூடினர். சபை அவர்களுக்குச் சொன்ன விடை மிக நயமானது. பழைய தொழிற்சங்கக் கட்டுப்பாடுகளை உடைத்து உங்களுக்கு விடுதலை தந்திருக்கிறோம். இனி ஒவ்வொருவனும் தன் முதலாளியோடு தானே பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். பலர் கூடிக் கூலியை நிர்ணயிப்பது பிறருடைய சுதந்திரத்துக்குக் கேடு. இச்சட்டத்தின் சாரம் இதுவே. முதலாளிகள் கூடிப் பேசுவதையும் சட்டம் தடுக்கத்தான் செய்தது. ஆனால் நான்கு முதலாளிகள் ஒரு விருந்தில் அமர்ந்து பேசினால் யார் அறிவார்? நானூறு தச்சர் கூடினால் ஊரே அறியும். கூடி வேலைநிறுத்தம் செய்வது குற்றமன்று என்ற நிலை பிரான்சில் 1864-இலும், சங்கம் அமைக்கும் உரிமை 1884-இலுந்தான் வந்தன.

பெண்களுக்கும் உரிமைப் பிரகடனம் வேண்டுமென்று 1791 செப்டம்பரில் எழுதி வெளியிட்டவர் ஒலிம்ப் தெ கூஜ் என்னும் மாது. இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1793 நவம்பர் 3-ஆம் நாள் அவர் தலை வீழ்ந்தது. பிரெஞ்சு மாதர்க்கு வாக்குரிமை கிடைக்க 1944 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கடலுக்கு அப்பால், மேற்கிந்தியத் தீவுகளில் இன்று ஹெய்ட்டி எனப்படும் குடியேற்றத்தில், ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஆப்பிரிக்கர் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழன்றனர். அவர்களைப் பற்றிப் பேசினால் சொத்துரிமை புனிதமானது என்ற பதினேழாம் விதியை எடுத்து நீட்டினர் தோட்ட முதலாளிகள். 1791 ஆகஸ்டில் அவ்வடிமைகள் தாமே எழுந்தனர். 1794 பிப்ரவரி 4-ஆம் நாள் பாரிஸ் சபை அடிமைமுறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதை மீட்டான். ஹெய்ட்டி மக்கள் பொறுக்கவில்லை. போரிட்டு 1804 சனவரி முதல் நாள் தனிநாடாயினர். இது தனியே ஒரு பேச்சுக்குரிய பெருங்கதை.

இனி ரொட்டிக்கு வருவோம். நமக்குச் சோறு எப்படியோ, பாரிஸ் ஏழைக்கு ரொட்டி அப்படி. 1789 ஜூலையில் நான்கு பவுண்டு ரொட்டி ஒன்றின் விலை 14½ சூ. ஒரு சாதாரணக் கூலியாள் நாளெல்லாம் உழைத்துப் பெற்றது 20 முதல் 30 சூ. மனைவி மக்களுக்கு வாங்கினால் பாதிக் கூலிக்கு மேல் ரொட்டிக்கே போய்விடும். இந்நிலையில் சபை தானிய வாணிகத்துக்கு முழு விடுதலை அளித்தது. வாங்குவோன், விற்போன், பதுக்குவோன் எல்லாரும் சுதந்திரர்! விளைச்சல் குன்றியபோதும், காகிதப் பணத்தின் மதிப்பு வீழ்ந்தபோதும் அச்சுதந்திரம் களஞ்சியக்காரனைக் கொழிக்கச் செய்தது. 1792 டிசம்பரில் ரோபஸ்பியர் சபையில் எழுந்து கேட்டார். உயிர்வாழும் உரிமையன்றோ முதல் உரிமை? சொத்துரிமை அதற்கு அடுத்ததன்றோ? ஏழையின் உயிர் பணயமாக நடக்கும் வாணிகத்துக்கு வாணிகம் என்ற பெயர் தகுமா? இப்பேச்சை இன்று படித்தாலும் அதில் பழுது காண்பது அரிது. இங்கே அவர் சமத்துவத்தை முன்வைத்தார் என்பதைவிட, நீதியை முன்வைத்தார் என்பதே பொருந்தும்.

1793 செப்டம்பர் 29-ஆம் நாள் உச்சவிலைச் சட்டம் வந்தது. 1790-இல் இருந்த விலையோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி, அதற்குமேல் எவனும் பண்டங்களை விற்கலாகாது என்று விதித்தனர். கூலிக்கும் வரம்பு கட்டினர். 1790-ஆம் ஆண்டுக் கூலியோடு அதில் பாதியைக் கூட்டிய அளவு. சில மாதங்கள் பாரிஸ் ஏழைக்கு ரொட்டி கிடைத்தது உண்மை. அவ்வாண்டுக் கோடையில் இயற்றிய அரசியலமைப்பில் எல்லா ஆடவர்க்கும் வாக்கு, வறியோர்க்கு அரச உதவி, எல்லார்க்கும் கல்வி என்பனவும் இருந்தன. உரிமைகளின் வரிசையில் சமத்துவம் சுதந்திரத்துக்கும் முன்னே வைக்கப்பட்டது. அந்த அரசியலமைப்பு, போர் முடியும் வரை என்று சொல்லி நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு நாளும் நடைமுறைக்கு வரவில்லை.

அந்த ஆட்சி ஏன் இரத்தத்தில் முடிந்தது என்பதே இன்றைய பேச்சின் கரு. சமத்துவத்தை நாடியதால் அவ்வாறு முடிந்தது என்பர் சிலர். பகைநாடுகள் சூழ்ந்து போர் தொடுத்ததால் என்பர் சிலர். போர் ஒரு காரணமே. ஆயினும் வேறொன்றை நான் சுட்டுவேன். நான் தாண்டிச் சென்றதாகச் சொன்ன மூன்று விதிகளை இப்போது எடுத்துப் பாருங்கள். சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவரையும் குற்றஞ்சாட்டவோ சிறைப்படுத்தவோ கூடாது என்பது ஏழாம் விதி. செயல் நடந்த பின் இயற்றிய சட்டத்தால் தண்டிக்கக் கூடாது, தேவைக்கு மேல் தண்டனை கூடாது என்பது எட்டாம் விதி. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எவனையும் குற்றமற்றவனாகவே கொள்ள வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. பாட்டுக்கும் முழக்கத்துக்கும் உதவாத, வழக்கறிஞர் நடையில் அமைந்த விதிகள். நீதி என்பது அந்தப் பிரகடனத்தில் குடியிருந்த வீடு இம்மூன்றுந்தான்.

1794 ஜூன் 10-ஆம் நாள் கூத்தோன் என்னும் உறுப்பினர் சபையின் முன் ஒரு சட்டத்தை வைத்தார். புரட்சிக் காலண்டரில் அந்நாள் பிரேரியால் மாதம் 22. ஆகையால் பிரேரியால் சட்டம் என்று அதற்குப் பெயர். மக்களின் பகைவர் எவரும் புரட்சி நீதிமன்றத்துக்கு உரியவர். பொய்ச்செய்தி பரப்புவோன், மக்களின் ஊக்கத்தைக் குலைப்போன், ஒழுக்கத்தைக் கெடுப்போன் எல்லாரும் மக்களின் பகைவரே. அவர்களுக்கு வழக்கறிஞர் இல்லை. வேறு சான்று இருந்தால் சாட்சிகளை விசாரிக்க வேண்டுவதில்லை. தீர்ப்பு இரண்டே வகை. விடுதலை அல்லது மரணம். ஒத்திவைத்து ஆராயலாமே என்று சபையில் சிலர் கேட்டனர். அது கூடாதென்று எழுந்து பேசியவர் ரோபஸ்பியர். மூன்றாண்டுகளுக்கு முன், 1791 மே மாதத்தில், மரண தண்டனையையே ஒழிக்க வேண்டுமென்று வாதிட்டவரும் அவரே! சட்டம் அன்றே நிறைவேறிற்று. அதற்கு முந்திய பதினைந்து மாதங்களில் பாரிஸ் நீதிமன்றம் கொலைக்களத்துக்கு அனுப்பியவர் ஏறத்தாழ 1,250 பேர். அதற்குப் பிந்திய ஏழே வாரங்களில் ஏறத்தாழ 1,400 பேர்.

எண்கள் சில சமயம் மனத்தில் தைப்பதில்லை. ஒரு நாளைச் சொல்கிறேன். பிரேரியால் சட்டத்துக்கு முன்பே, 1794 ஏப்ரல் 22-ஆம் நாள், கில்லட்டின் முன் நின்றவர்களுள் இருவர் நமக்குத் தெரிந்துகொள்ளத் தக்கவர். ஒருவர் தொழிலாளர் கூடலாகாதென்று சட்டம் இயற்றிய லெ ஷாப்பலியே. மற்றவர் மால்ஷெர்ப், எழுபது வயதைக் கடந்த கிழவர். மன்னன் பதினாறாம் லூயியைச் சபை விசாரித்தபோது, அவனுக்காக வாதிட முன்வந்தவர். குற்றஞ்சாட்டப்பட்டவன் மன்னனேயாயினும் அவனுக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்று கருதியவருடைய தலையும், கூலிக்காரனுக்கு ஒரு சங்கம் வேண்டாம் என்று கருதியவருடைய தலையும் ஒரே நாளில் ஒரே கூடையில் விழுந்தன. மால்ஷெர்பின் மகளும் பேத்தியும் பேத்தியின் கணவரும் அன்றே அவரோடு மாண்டனர்.

1794 ஜூலை 27-ஆம் நாள் சபை ரோபஸ்பியர்மீதே திரும்பியது. அவரையும் கூத்தோனையும் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்தது. அவ்வாறு அறிவிக்கப்பட்டவனுக்கு விசாரணை கிடையாது. ஆள் அவன்தானா என்று அடையாளம் கண்டால் போதும். இந்த ஏற்பாடும் அவர்கள் காலத்துச் சட்டந்தான். மறுநாள் மாலை அவர்கள் கதை முடிந்தது. கொலைக்களத்துக்கு வண்டி சென்ற வழியில், உச்சவிலைச் சட்டத்தின் பேரால் தங்கள் கூலி குறைக்கப்பட்டதைச் சொல்லித் தொழிலாளர் சிலர் ஏசினராம். டிசம்பரில் விலை வரம்பும் நீக்கப்பட்டது. அந்த மாரிக்காலத்தில் பாரிஸ் பட்ட பசி, புரட்சிக்கு முன்பும் காணாத பசி. 1795-இல் ரொட்டியும் 1793-ஆம் ஆண்டு அரசியலமைப்பும் வேண்டுமென்று கூவிக்கொண்டு சபைக்குள் புகுந்த மக்களைப் படைகொண்டு அடக்கினர். ஏழைக்கு வாக்குமில்லை, ரொட்டியுமில்லை.

இக்கதையில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1949 நவம்பர் 26-ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்ட நம் அரசியலமைப்பின் முகவுரையில் அந்த மூன்று சொற்களும் உள்ளன. ஆனால் அவற்றுக்கு முன்னே, முதல் இடத்தில் நிற்பது நீதி; அதுவும் சமூக, பொருளாதார, அரசியல் நீதி என்று விரித்து எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய நாள் ஆற்றிய உரையில் டாக்டர் அம்பேத்கர், சுதந்திரத்தைச் சமத்துவத்திலிருந்தும், இரண்டையும் சகோதரத்துவத்திலிருந்தும் பிரிக்கலாகாது என்றும், வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பட்ட வாழ்க்கைக்குள் நாம் நுழைகிறோம் என்றும் எச்சரித்தார். 1954 அக்டோபர் 3-ஆம் நாள் அகில இந்திய வானொலியில் பேசும்போது, இம்மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரின் போதனையிலிருந்தே பெற்றதாகக் கூறினார். சட்டத்தைவிடச் சகோதரத்துவமே மெய்யான காவல் என்பதும் அப்பேச்சில் அவர் கொண்ட கருத்து. பள்ளி ஆசிரியனாகிய நான் அத்தகைய பேரறிஞரோடு வழக்காட வரவில்லை. சகோதரத்துவம் வந்து சேரும் வரை வழக்கறிஞராவது இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஏனெனில், பிரேரியால் சட்டமும் ஒரு சட்டந்தான்; மக்கள் தேர்ந்தெடுத்த சபை வாக்கெடுத்து நிறைவேற்றியதுதான். சட்டம் வகுத்த நடைமுறை என்ற சொற்றொடர் நம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவிலும் இருக்கிறது. அதன் பொருள் என்ன என்ற கேள்வி குடியரசு பிறந்த ஆண்டிலேயே எழுந்தது. சென்னை மாநிலத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1950 மே 19-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. காவலுக்குரிய காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடக் கூடாது என்ற பிரிவு மட்டும் செல்லாது. மற்றபடி சட்டசபை ஒரு நடைமுறையை வகுத்திருந்தால் அதுவே போதும் என்றனர் பெரும்பாலான நீதிபதிகள். போதாது, நேர்மையான விசாரணையின் அடிப்படைகள் அந்நடைமுறையில் இருக்க வேண்டும் என்று மாறுபட்டு எழுதியவர் நீதிபதி ஃபசல் அலி. 1978 சனவரி 25-ஆம் நாள், மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. ஃபசல் அலி 1959-லேயே காலமாகிவிட்டார்.

கைது செய்யப்பட்டவன் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து, அவரால் வாதாடப்பெறும் உரிமையை 22-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு அளிக்கிறது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அவ்வுரிமை யார் யாருக்கு இல்லை என்று கூறுகிறது. தடுப்புக் காவலில் இருப்போர் அவர்களுள் ஒரு சாரார். உங்கள் பள்ளி நூலகத்தில் அரசியலமைப்பு நூல் இருக்கும். நாளைக்கு அந்தப் பக்கத்தை எடுத்து, இரண்டு உட்பிரிவுகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பக்கத்திலிருப்பவர் ஏதேனும் கேட்டால், அது தேர்வுக்கு வராது என்று சொல்லிவிடாதீர்கள்.